ஜோஷுவாவைச் சாய்த்த ரூயிஸ் அப்புறம் எங்கே போனார்?

தம்பி, நீ கேட்டது இதுதான்: 2019-ல் ஆண்டனி ஜோஷுவாவை நாலு தடவை தரையில் விழவைத்து உலக ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கிய ஆண்டி ரூயிஸ், அதற்கப்புறம் ஏன் சண்டையே போடாமல் உட்கார்ந்துவிட்டார்? பாம்பனில் உன்னோடு பயிற்சி எடுக்கும் பையன்கள் "சாப்பாட்டு ராமன், தின்னே கெட்டான்" என்கிறார்களாம். அது பாதி உண்மை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது பிடிபடாது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார். ரூயிஸ் 2009 மார்ச்சில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். 2019 ஜூன் 1-ம் தேதி ஜோஷுவாவை வீழ்த்தியது அவருடைய 34-வது சண்டை. அதாவது பத்து வருடத்தில் 34. அதே டிசம்பரில் ஜோஷுவாவோடு மறுமோதல் (ரீமேட்ச்), தோல்வி. அடுத்தது 2021 மே. அதற்கடுத்தது 2022 செப்டம்பர். பிறகு 2024 ஆகஸ்ட். ஜெயித்த அந்த ராத்திரிக்குப் பிறகு ஐந்து வருடத்தில் மொத்தமே நாலு சண்டை. உலகத்துக்கே பெயர் தெரியாத காலத்தில் வருடத்துக்கு மூன்று நாலு தடவை மேடை ஏறியவர், பெயர் தெரிந்த பிறகு ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவை ஏறுகிறார். இதை எப்படி வெறும் பசியில் கொண்டுபோய் அடைப்பது?

அந்த முதல் சண்டையை நான் பார்த்தது மண்டபம் ஊரில், கரையேற்றி வைத்திருந்த படகு நிழலில். நியூயார்க்கில் சனிக்கிழமை ராத்திரி என்றால் நமக்கு ஞாயிறு காலை. மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்க, மச்சான் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ரவுண்டில் ரூயிஸ் விழுந்ததும் மச்சான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "சரி, முடிஞ்சுது. வா, வந்து ஒரு கை பிடி" என்றார். நான் எழுந்திருப்பதற்குள் ரூயிஸ் எழுந்து, ஜோஷுவாவின் நெற்றிப்பொட்டில் இடது ஹூக் (வளைத்துப் போடும் குத்து) ஒன்று வைத்தார். அந்த ஆளின் கால் அதற்கப்புறம் கடைசிவரை சரியாகவே வரவில்லை. ஏழாவது ரவுண்டில் நடுவர் நிறுத்திவிட்டார். அன்றைக்குப் பெயின்ட் வேலை நடக்கவில்லை.

அந்த வெற்றியில் எல்லோரும் தொப்பையைத்தான் பேசினார்கள். தேதியை யாரும் பேசவில்லை. ஜோஷுவாவுடன் மோத வேண்டியவர் ஜாரெல் மில்லர். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டார். அந்த இடத்துக்கு ஆள் தேடியபோது, ரூயிஸ் தானாகவே ஜோஷுவாவின் சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் எடி ஹெர்னுக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பி வாய்ப்புக் கேட்டார். அப்படிக் கேட்ட நேரத்தில் அவர் சும்மா இருந்தவர் இல்லை. ஏப்ரல் 20-ம் தேதிதான் டிமிட்ரென்கோ என்ற ஆறடி ஏழு அங்குல ஆளை ஐந்து ரவுண்டில் உட்கார வைத்திருந்தார். நடுவில் ஆறு வாரம். உயரமான ஆளுக்கு எதிரான தூரம், டைமிங் எல்லாம் கையிலேயே இருந்தது. எடை சுமார் 122 கிலோ. தொப்பை அன்றைக்கும் இருந்தது. இருந்தும் ஜெயித்தார். ஆகவே தொப்பைதான் காரணம் என்றால் அந்த ஜூன் ராத்திரியிலேயே தோற்றிருக்க வேண்டும்.

இனி டிசம்பருக்கு வருவோம். ரீமேட்ச் ரியாத்தை ஒட்டிய திரியாவில் நடந்தது. ரூயிஸ் சுமார் 129 கிலோவில் வந்து நின்றார். முதல் சண்டையைவிட ஏழு கிலோ கூட. ஜோஷுவா ஐந்து கிலோ போல இறக்கி வந்தார். பன்னிரண்டு ரவுண்டும் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக நீட்டும் குத்து) போட்டு, சுற்றிச் சுற்றி ஓடி, நெருங்கவே விடாமல் புள்ளியில் ஜெயித்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கொண்டாட்டத்திலேயே போய்விட்டது என்று ரூயிஸே பிறகு ஒப்புக்கொண்டார். கீழக்கரைக்காரர் ஒருவர், ரியாத்தில் வேலை பார்ப்பவர், அந்த நடுராத்திரியில் எனக்குப் ஃபோன் போட்டு, "அண்ணே, இவன் சண்டைக்கு வந்த மாதிரி தெரியல, விருந்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். இந்த இடத்தில் உன் கூட்டாளிகள் சொல்வது சரிதான். 189 நாள் சாம்பியனாக இருந்து அதை அவர் தின்றுதான் தொலைத்தார்.

ஆனால் நீ கேட்டது தோற்றதைப் பற்றி இல்லை. அதற்குப் பிறகு ஏன் உட்கார்ந்துபோனார் என்று. அங்கே கதை வேறு.

ஒன்று ஒப்பந்தம். நம் ஊரில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு என்ன செய்யும்? எவ்வளவு மீன்பாடு வந்தாலும் அந்த வியாபாரியிடம்தான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. அன்றைக்குச் சந்தையில் இறால் விலை ஏறிக்கிடந்தாலும் வெளியே விற்க முடியாது. பெரிய சாம்பியனோடு மோத வருகிற வெளியாளின் நிலைமையும் இதேதான். "நீ ஜெயித்துவிட்டால் உடனே மறுபடி எங்களோடுதான் மோத வேண்டும்" என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். ரீமேட்ச் சவூதியில் வேண்டாம், அமெரிக்காவிலேயே வைக்கலாம் என்று ரூயிஸ் முரண்டுபிடித்துப் பார்த்தார். நடக்கவில்லை. சாம்பியன் பெல்ட் அவர் இடுப்பில் இருந்தாலும் எங்கே, எப்போது, யாரோடு என்பதெல்லாம் அடுத்தவர் கையில். வேறு ஆளோடு சின்னதாக ஒரு சண்டை போட்டு, சாம்பியன் என்ற நிலைமைக்கு உடம்பையும் மனதையும் பழக்கிக்கொண்டு பிறகு ஜோஷுவாவிடம் போகலாம் என்றால் அதற்கு வழியில்லை. ஆறு மாதத்தில் நேரே அதே ஆள்.

அடுத்தது விலை. என் பார்வையில் ரூயிஸ் கதையின் நடுத்தண்டே இதுதான்.

நீ வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்திருக்கிறாய். பிடிபடாத மாடு என்று ஒரு மாட்டுக்குப் பெயர் வந்துவிட்டால், அதன்மேல் இறங்குகிற குழு முதலில் பரிசைத்தான் கேட்கும். பரிசு பெரிதாக இல்லையென்றால், எலும்பை முறித்துக்கொள்ள எவன் வருவான்? ரூயிஸின் கைவேகம் ஹெவிவெயிட்டில் யாருக்கும் வராத வேகம். குட்டையான ஆள், நெருங்கி வந்தால் நாலைந்து குத்து ஒரே கொத்தாக விழும். அவரோடு மோதித் தோற்றால், குண்டனிடம் தோற்றவன் என்று காலம் முழுக்கக் கேலி. ஜெயித்தாலோ, பெல்ட் இல்லாத ஒருவரை ஜெயித்ததாக மட்டும்தான் கணக்கு. பெல்ட் கையில் இருந்தவரை இந்தக் கணக்கு அவருக்குச் சாதகம். பெல்ட் போன மறுநாளே அப்படியே தலைகீழ்.

இவர் பக்கமும் சிக்கல்தான். ஒரு தடவை கோடிக்கணக்கில் வாங்கிய மனிதரிடம் பழைய சில்லறைக்கு வா என்றால் வருவாரா? பயிற்சி முகாம் என்றால் எட்டு பத்து வாரம். ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆட்களுக்கு வாராவாரம் சம்பளம், பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு, மேனேஜருக்கு ஒரு பங்கு, அப்புறம் வரி. இதையெல்லாம் கழித்து மிஞ்சுவது சொற்பம் என்றால், மாளிகையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பெரிய அழைப்புக்குக் காத்திருக்கலாம் என்றுதான் தோன்றும். ஐம்பது ரூபாய் வாடகை கேட்பவனுக்கும் முப்பதுக்கு மேல் தர மாட்டேன் என்பவனுக்கும் நடுவில் வீடு பூட்டியே கிடக்குமே, அந்த மாதிரி. 2022 கடைசியில் முன்னாள் சாம்பியன் டியோன்டே வைல்டரும் ரூயிஸும் மோத வேண்டும் என்று, உலகப் பட்டம் தருகிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி உத்தரவே போட்டது. அதில் ஜெயிக்கிறவருக்கு உலகப் பட்டத்துக்கான வரிசையில் முதல் இடம். பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் சண்டை நடக்கவே இல்லை.

இதற்கு நடுவில் கொரோனா வேறு வந்தது. 2020 முழுக்க எல்லோருக்குமே பாழ். அதை அவர் கணக்கில் எழுத மாட்டேன்.

மூன்றாவது, தராசு. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ராணுவத்தில் நான் குத்தியது 64 கிலோ பிரிவில். 64-க்கு மேல் நூறு கிராம் ஏறினாலும் மேடை கிடையாது. லீவில் ஊருக்கு வந்து அம்மா கையால் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டாலும் மூன்றாவது கவளத்தில் தராசு ஞாபகம் வந்துவிடும். சண்டை இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தராசு ஒரு போலீஸ்காரன் மாதிரி வாசலிலேயே நிற்கும். தொழில்முறை ஹெவிவெயிட்டுக்கு அந்தப் போலீஸ்காரன் இல்லை. ஏறத்தாழ 91 கிலோவுக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். எடை பார்க்கும் நாள் வெறும் சடங்கு, படம் எடுக்க. அதனால் மற்ற எடைக்காரன் ஒரு வருடம் சும்மா இருப்பதும் ஹெவிவெயிட் சும்மா இருப்பதும் ஒன்றில்லை.

சும்மா இருந்தால் உடம்பில் என்னதான் போகிறது என்று கேட்டால், மூச்சு என்பார்கள். மூச்சை ஆறு வாரத்தில் ஓடியே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். போவது அந்த அரை நொடி. குத்து வருவதைக் கண் பார்த்த பிறகு தலை நகர்வதற்கும், பார்க்கும்போதே நகர்வதற்கும் உள்ள வித்தியாசம். ஸ்பாரிங்கில் தலைக்கவசம், பெரிய கிளவுஸ், எதிரே தெரிந்த பையன். அதில் அது முழுசாகத் திரும்பி வராது. தடைக்காலம் 61 நாள் முடிந்து ஜூன் 15-ம் தேதி வாக்கில் முதல் முறையாகப் போய் வந்தவர்களைப் பார்த்திருப்பாய். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர்கள்தான். இருந்தும் கயிறு பிடித்த கை கொப்பளித்திருக்கும், முதல் வலை இழுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்துக்கே அப்படி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில், என்னைவிடப் பல மடங்கு பெயர் பெற்ற ஆளை, யாரும் எதிர்பார்க்காத மாதிரி இரண்டாவது ரவுண்டில் தரையில் உட்கார வைத்தேன். இரண்டு வாரம் நான்தான் ராஜா. பிறகு எல்லைப் பக்கம் பணி, ஏழு மாதம். கிளவுஸைத் தொடவே இல்லை. திரும்பி வந்து முதல் சண்டை, எதிரே வந்தவன் புதுப் பையன். அவனுடைய வலது கை கிளம்புவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "அதோ வருது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாங்கினேன். எடை சரியாக 64-ல்தான் இருந்தது. தராசு எடையைக் காட்டும், துருவைக் காட்டாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ரூயிஸின் அரியோலா சண்டையைப் பார்த்தபோது எனக்கு அந்த வலது கைதான் ஞாபகம் வந்தது. 2021 மே 1. பதினேழு மாத இடைவெளி. பழைய பயிற்சியாளரை விட்டுவிட்டு, மெக்சிகோவின் பெரிய சாம்பியன் கனேலோவுக்குப் பயிற்சி தரும் எடி ரெய்னோசோவிடம் போயிருந்தார். 116 கிலோ, ஆளே இளைத்து அழகாக இருந்தார். எதிரே நாற்பது வயது கிறிஸ் அரியோலா. இரண்டாவது ரவுண்டிலேயே அரியோலாவின் வலது கை பட்டு ரூயிஸ் விழுந்தார். பிறகு எழுந்து சமாளித்துப் புள்ளியில் ஜெயித்தார், அது வேறு. இளைத்த உடம்போடு விழுந்தார் என்பதைக் கவனி. அடுத்தது லூயிஸ் ஓர்ட்டிஸ், 43 வயது, இடக்கைக்காரர். அவரை மூன்று தடவை விழவைத்தும் ஒன்று முதல் மூன்று புள்ளி வித்தியாசத்தில்தான் கரையேறினார். விழவைத்த ரவுண்டுகளைத் தவிர மற்ற நேரமெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம். அடிக்கத் தெரியும், எப்போது அடிப்பது என்ற தாளம் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் போல இடைவெளி. 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே ஜாரெல் மில்லர், 2019-ல் யாருடைய இடம் காலியானதால் இவருக்கு வாழ்வு வந்ததோ அவர். சமநிலையில் முடிந்தது.

இந்தப் பாதையில் ரூயிஸ் முதல் ஆள் இல்லை. பஸ்டர் டக்ளஸ் 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். பந்தயக்காரர்கள் அவர் ஜெயித்தால் ஒன்றுக்கு 42 தருவதாக வைத்திருந்தார்கள். சண்டைக்கு மூன்று வாரம் முன்புதான் தாயை இழந்திருந்தார். ஜெயித்த கையோடு புரமோட்டர் டான் கிங்கோடு கோர்ட்டு, வழக்கு என்று மாதங்கள் போயின. அக்டோபரில் ஹோலிஃபீல்டுக்கு எதிரே ஆறேழு கிலோ கூடுதலாக வந்து, மூன்றாவது ரவுண்டில் படுத்துவிட்டார். சம்பளம் சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர். அதோடு ஆறு வருடம் மேடைப் பக்கமே இல்லை. நடுவில் எடை 180 கிலோவைத் தொட்டு, சர்க்கரை நோயில் மயங்கி உயிர் பிழைத்ததே பெரிய பாடு. தென்னாப்பிரிக்காவின் கோரி சாண்டர்ஸ் 2003 மார்ச்சில் விளாடிமிர் கிளிச்கோவை இரண்டாவது ரவுண்டில் சாய்த்துவிட்டு, அடுத்த சண்டை போட்டது பதின்மூன்று மாதம் கழித்து, விளாடிமிரின் அண்ணன் விட்டாலியோடு. தோற்றார். சாண்டர்ஸுக்கு கோல்ஃப் மேல்தான் உயிர்.

இடைவெளி விழுந்தால் அவ்வளவுதானா என்றால், இல்லை. டைசன் ஃப்யூரி 2015 நவம்பரில் விளாடிமிரை ஜெயித்துவிட்டு இரண்டரை வருடம் மேடை ஏறவில்லை. மனச்சோர்வு, போதை, எடை எல்லாம் சேர்ந்து ஆளையே விழுங்கின. இதிலும் ஒப்பந்தம் மூக்கை நுழைத்தது: ரீமேட்சுக்குக் கட்டுப்பட்டிருந்ததால் இன்னொரு பட்ட அமைப்பான ஐபிஎஃப் சொன்ன ஆளோடு மோத முடியவில்லை, ஜெயித்த இரண்டு வாரத்துக்குள் அந்த பெல்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் 2018-ல் திரும்பி வந்தபோது செய்ததைப் பார். ஜூனில் செஃபெரி என்ற சின்ன ஆள். எல்லோரும் சிரித்தார்கள். ஆகஸ்டில் பியானெட்டா, பத்து ரவுண்டு. டிசம்பரில்தான் வைல்டர். கொப்பளித்த கை காய்த்துப்போகிறவரை சின்ன வலையாகப் போட்டுவிட்டு, பிறகு ஆழத்துக்குப் போனார். 2020 பிப்ரவரியில் வைல்டரை முடித்துப் பட்டத்தை வாங்கினார். பெல்ட் போன பிறகு ரூயிஸ் இப்படி ஒரே வருடத்தில் அடுத்தடுத்து மூன்று சண்டை போட்டதே இல்லை. அவரைக் குறை சொல்வதென்றால் நான் இந்த இடத்தில்தான் சொல்வேன், பிரியாணியில் இல்லை.

அகித் கபாயெல் என்று ஜெர்மனிக்காரர் ஒருவர், உன் நண்பர்களுக்குத் தெரிந்திருக்காது. 2017 நவம்பரில் மான்டே கார்லோவில் டெரெக் சிசோராவைப் புள்ளியில் ஜெயித்தார். அன்றைக்கு அது பெரிய ஆச்சரியம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு சண்டை கிடைத்தாலே அதிகம் என்ற நிலைமை. ஆள் தண்ணி அடிக்கவும் இல்லை, தின்னு பெருக்கவும் இல்லை. பெரிய புரமோட்டர் பின்னால் இல்லை, ஜெயித்தாலும் அவரால் யாருக்கும் காசு இல்லை, தோற்றால் அவமானம் என்று யாரும் கிட்டே வரவில்லை. அவ்வளவுதான். 2023 டிசம்பரில் ரியாத்தில், யாரும் தொடப் பயந்த மக்முடோவுக்கு எதிரே நிறுத்தினார்கள், வெட்டுவதற்குக் கொண்டுவந்த கிடா மாதிரி. நாலாவது ரவுண்டில் முடித்தார், உடம்பிலேயே அடித்து. அடுத்த மே மாதம் ஃபிராங்க் சான்செஸ், அதற்கடுத்த பிப்ரவரியில் சாங் ஷிலேய். மூன்று பேரும் அவர் கைக்கு விழுந்தார்கள். சரி, இவருக்கு ஆறு வருடம் வீணானதற்கு எந்தச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது?

ரூயிஸ் பிறந்தது 1989-ல். கைவேகம் இன்னும் இருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு ஒரு சண்டை என்று போனால் அவர் ஜோஷுவாவை அடித்த அந்த மனிதராகத் திரும்ப வர மாட்டார் என்பது என் எண்ணம். பெரிய பெயர் ஒன்று, பெரிய பணத்தோடு, ஒரு ராத்திரிக்குக் கூப்பிடும். போவார். அதில் ஜெயித்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன், மறுபடி இரண்டு வருடம் காணாமல் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

நீ ஒரு வேலை செய். முதல் ஜோஷுவா சண்டையின் மூன்றாவது ரவுண்டையும், அரியோலா சண்டையின் இரண்டாவது ரவுண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். முகத்தைப் பார்க்காதே, ரூயிஸின் தலை எப்போது நகர்கிறது என்று மட்டும் பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்கு வா. கிளவுஸையும் எடுத்துக்கொண்டு வா, போன மாதம் முழுக்க நீ பயிற்சிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.